மரத்துக்கு முகம் ஏது?

மாட்டுக்கு முகம் உண்டு, மனிதனுக்கு முகம் உண்டு, மரத்துக்கு? வேர் நாற்புறமும் ஓடுகிறது, கிளை எட்டுத் திக்கும் நீள்கிறது, எப்பக்கத்திலிருந்து வெயில் வந்தாலும் இலை ஏந்திக்கொள்கிறது. இது முன்புறம், அது பின்புறம் என்று எந்த மரமும் தன்மேல் எழுதிக்கொண்டு முளைப்பதில்லை. ஆனாலும், போன்சாய் என்னும் குறுமரக் கலையில் தேர்ந்த ஜப்பானியக் கலைஞன், கத்தரியை எடுக்குமுன், கம்பியைத் தொடுமுன், தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் முதல் வினா இதுதான்: இந்த மரத்தின் முகப்பு எது?

வேடிக்கையான வினா என்று சிரித்து ஒதுக்கிவிட வேண்டாம், தோழர்களே! இயற்கையில் இல்லாத ஒன்றை ஒருவன் தேர்ந்தெடுக்கிறான். அந்தத் தேர்வினால், ஓர் உயிரின் வாழ்வு நூறாண்டுக்கு ஒரு வழியில் திருப்பப்படுகிறது. வெட்டப்படும் கிளை எது, வளைக்கப்படும் கிளை எது, வெளிச்சத்துக்கு வரும் பக்கம் எது, மறைவுக்குப் போகும் பக்கம் எது — அத்தனையும் அந்த ஒரு முடிவைப் பொறுத்தவை. அப்படியானால், பிறிதோர் உயிருக்கு முகப்பு வகுப்பவன் எந்த அறத்துக்குக் கட்டுப்பட்டவன்? இது தோட்டக்காரன் வினா மட்டுமன்று. அறம் ஆய்வோர் அனைவரும் விடை தேட வேண்டிய வினா.

முதலில் கலையை அறிவோம். போன்சாய் என்ற சொல்லுக்குத் தட்டத்தில் நட்டது என்பதே பொருள். இதன் தாயகம் சீனம். கி.பி. 706-இல் அமைக்கப்பட்ட இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடியும் கல்லும் வைத்த தட்டத்தை ஏந்தி நிற்கும் பணியாளர் உருவத்தைக் காணலாம். ஜப்பான் அக்கலையைக் கற்றது, வளர்த்தது, தனதாக்கிக்கொண்டது. 1923-இல் பெரும் நிலநடுக்கம் தோக்கியோ நகரைச் சிதைத்தபோது, குறுமரம் வளர்ப்போர் சிலர் நல்ல நிலமும் நல்ல நீரும் நாடி ஓமியாவுக்குப் பெயர்ந்தனர். 1925-இல் அங்கே தங்களுக்கென ஓர் ஊரையே அமைத்தனர். 1934-இல் தொடங்கிய கொக்குஃபூ கண்காட்சி, இன்றும் அக்கலையின் பெருவிழாவாகத் தோக்கியோவில் நடைபெறுகிறது.

இக்கலையைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. குறுமரத்துக்கென்று தனி விதை உண்டு, குள்ளமாகவே பிறக்கும் சாதி அது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. காட்டில் வானளாவ நிற்கும் பைன் மரத்தின் விதையும், தட்டத்தில் முழங்கை உயரம் நிற்கும் பைன் மரத்தின் விதையும் ஒன்றே. தட்டத்து மரம் காய்த்து, அதன் வித்தைத் திறந்த நிலத்தில் இட்டால், அது காட்டு மரமாகவே ஓங்கும். குறுமை விதையில் இல்லை. தொட்டியிலும் கத்தரியிலும் இருக்கிறது. பட்டினி போட்டுக் குறுக்குகிறார்கள் என்பதும் தவறு. நீரும் உரமும் தவறாமல் தரப்படுகின்றன. அளவறிந்து வேர் நறுக்கி, புது வேர் துளிர்க்க வழி செய்யப்படுகிறது. இதை மனத்தில் இருத்துங்கள்; பின்னால் தேவைப்படும்.

இனி முகப்பு. அது ஏன் வேண்டியதாயிற்று? ஜப்பானிய இல்லத்தில் டோக்கோனோமா என்றொரு சுவர்மாடம் உண்டு. ஓவியச் சுருளைத் தொங்கவிட்டு, அதன்கீழே மரத்தை வைப்பர். மூன்று புறமும் சுவர். காண்போன் ஒரு புறத்தில். ஒரு பக்கந்தான் கண்ணில் படும். ஆகவே, எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்ற கேள்வி எழுகிறது. கவனியுங்கள்: முகப்பைப் பிறப்பித்தது மரமன்று, சுவர். பார்ப்பவன் உட்கார்ந்த இடம். இதை மறந்துவிட்டு, மரத்தின் இயல்பே அதுதான் என்று பேசத் தொடங்கினால், அங்கேதான் பகுத்தறிவு விடைபெற்றுக்கொள்கிறது.

ஆனால், நல்ல கலைஞன் தன் விருப்பப்படி ஏதோ ஒரு பக்கத்தைச் சுட்டிவிடுவதுமில்லை. அவன் முதற்செயல், அடிமரத்தைச் சுற்றியுள்ள மேல்மண்ணை மெல்ல விலக்குவது. வேர்கள் எங்கே பரந்து நிலத்தைப் பற்றியிருக்கின்றன என்று தேடுகிறான். அடுத்து, மரத்தைக் கண்மட்டத்தில் வைத்து, சிறிது சிறிதாகச் சுழற்றிப் பார்க்கிறான். அடிமரம் எப்பக்கத்தில் அகன்று தோன்றுகிறது, தண்டின் வளைவு எப்பக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது, உச்சி எப்பக்கம் சாய்கிறது என்று ஆராய்கிறான். உச்சி காண்போனை நோக்கிச் சற்றே குனிந்திருந்தால், மரம் நம்மை வரவேற்பதுபோல் இருக்கும். பின்னால் சாய்ந்திருந்தால், விலகி ஓடுவதுபோல் இருக்கும். தொட்டியைச் சற்றுச் சாய்த்தும் பார்க்கிறான். சில விரற்கடைச் சாய்வில் மரத்தின் தோற்றமே மாறிவிடுவதுண்டு.

எல்லா நலனும் ஒரே பக்கத்தில் அமைந்த மரம் அரிது. வேர் அழகு ஒரு புறம், தண்டின் அழகு மறுபுறம், நல்ல கிளை மூன்றாம் புறம். எதை விட்டு எதைக் கொள்வது? இங்கே அக்கலையின் அறிவு ஒளிவிடுகிறது. கிளையை வளைக்கலாம், புதிதாக வளர்க்கலாம், ஒட்டுக் கட்டியும் உண்டாக்கலாம். வேரைத் திருத்துவது கடினம். முதிர்ந்த அடிமரத்தின் வடிவை மாற்றுவது அதனினும் கடினம். ஆகவே, மாற்ற அரியதற்கு முதலிடம்; மாற்ற எளியதற்குப் பின்னிடம். தண்டு இடப்பக்கம் சாய்ந்து செல்லும் மரத்தை, எனக்கு வலப்பக்கம்தான் பிடிக்கும் என்று மல்லுக்கட்டி வளைப்பவன் கலைஞனல்லன். தண்டு போகும் போக்கை அறிந்து, அதற்கு இசையக் கிளையை அமைப்பவனே கலைஞன். இருப்பதை உள்ளபடி அறிந்த பின்னரே ஆக்க வேண்டியதை எண்ணுவது — இது முதற்கடமை.

இரண்டாவது கடமை, உயிர் ஓடும் வழியை அறிவது. முதிர்ந்த ஜூனிப்பர் மரத்தில் தண்டின் ஒரு பகுதி பட்டுப்போய் வெள்ளெலும்பாய் நிற்க, மறுபகுதியில் பட்டை வழியே உயிர்நாளம் ஓடும். ஒரு கிளைக்கு உணவு கொண்டுசெல்லும் நாளத்தை, முகப்பு எடுப்பாக இருக்கட்டும் என்று செதுக்கிவிட்டால், மேலேயுள்ள கிளை காய்ந்து சருகாகும். கம்பிக்கும் இதே நியதி. செம்புக் கம்பியோ அலுமினியக் கம்பியோ சுற்றிக் கிளையை வளைத்த பின், கிளை பருத்துப் பட்டைக்குள் கம்பி புதையுமுன்னரே கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால் தழும்பு பல்லாண்டு நிற்கும். கட்டியவனுக்கு அவிழ்க்கும் நாள் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் கட்டவே கூடாது.

மூன்றாவதும் உண்டு, அதுவே இக்கலையில் நான் கண்ட பெரும்பாடம். கண்காட்சியில் முகப்பு மட்டும் மக்களைப் பார்த்து நிற்கிறது. தோட்டத்திலோ, வளர்ப்போன் அடிக்கொருமுறை தொட்டியைத் திருப்பி வைக்கிறான். ஏன்? ஒரே பக்கம் வெயிலைக் கண்டால் மறுபக்கத்துக் கிளை நலியும், நாளடைவில் மடியும். பின்கிளை இல்லாவிடில் முகப்புக்கு ஆழமே இல்லை; அட்டையில் வெட்டி ஒட்டிய மரம்போல் தட்டையாகிவிடும். மேலும், பின்பக்கத்து இலையும் ஒளியை உணவாக்குகிறது; அவ்வுணவு மரம் முழுமைக்கும் பயன்படுகிறது. மேடையில் பாராட்டுப் பெறும் முன்பக்கம், மறைவிலே உழைக்கும் பின்பக்கத்துக்குக் கடன்பட்டது. அந்தக் கடனை அறிந்தவன் தொட்டியைத் திருப்புகிறான். அறியாதவன் கைதட்டலில் மயங்கி மரத்தை இழக்கிறான்.

இதற்கிடையே, முன்னோர் வைத்த முகப்பை மாற்றலாமா என்றொரு வாதம் எழும். மாற்றலாம் என்றே அக்கலை விடை சொல்கிறது. கிளை ஒன்று மடியும்; தண்டு பருக்கும்; மறைந்திருந்த வேர் வெளிப்படும்; நேற்றுப் பொருத்தமாயிருந்த முகப்பு இன்று பொருந்தாது. ஓமியாவில் தொழில் பயின்ற மசாகிக்கோ கிமுரா, பழம்பெரும் ஜூனிப்பர் மரங்களைத் துணிந்து மாற்றியமைத்தார், மின்கருவிகளையும் கையாண்டார். மரபின் காவலர் முகம் சுளித்ததுண்டு. பிறகோ, உலகெங்கும் இருந்து மாணாக்கர் அவரைத் தேடிச் சென்றனர். மரபு என்பதற்காக ஒன்றை ஏற்கவும் வேண்டாம், மரபு என்பதற்காகவே வெறுக்கவும் வேண்டாம். தண்டின் கீழ்ப்பகுதியில் காண்போன் கண்ணைக் குத்துவதுபோல் நேரே நீளும் கிளை ஆகாது என்பது பழைய விதி. அது தண்டின் அழகை மறைக்கும் என்ற காரணம் உண்டு. காரணம் நிற்கும்வரை விதி நிற்கட்டும். காரணம் போனபின் விதி மட்டும் எஞ்சினால் அது வெறும் சடங்கு.

முகப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. இரோசிமாவில் மசாரு யமாக்கி என்பார் குடும்பத்தில், 1625 முதல் பேணப்பட்டுவந்த வெண்பைன் குறுமரம் ஒன்று இருந்தது. 1945 ஆகஸ்டு 6-இல் அணுகுண்டு விழுந்தது. குண்டு விழுந்த இடத்துக்கும் அவர் தோட்டத்துக்கும் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். சுற்றுச்சுவர் மறைத்ததனால் மரம் பிழைத்தது. 1976-இல், அமெரிக்கா விடுதலை பெற்ற இருநூறாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு ஜப்பான் வழங்கிய குறுமரங்களுள் ஒன்றாக அது வாஷிங்டன் சேர்ந்தது. குண்டு போட்ட நாட்டின் தலைநகருக்கே கொடையாகச் சென்றது. இருபத்தைந்து ஆண்டுகள் மக்கள் அதன் முகப்பைக் கண்டனர், வியந்தனர், நகர்ந்தனர். 2001-இல் யமாக்கியின் பேரர் இருவர் நேரில் சென்று சொன்ன பிறகுதான், அது இரோசிமாவில் பிழைத்த மரம் என்பதை அங்கிருந்தோர் அறிந்தனர். எத்துணைச் செம்மையாகத் தேர்ந்தெடுத்தாலும், முகப்பு ஒரு பக்கத்துச் செய்தி; வரலாறு முழுவதையும் அது சொல்லாது.

இங்கே, மரத்தை விட்டு மனிதனிடம் வருவோம். மரத்துக்கு வாயில்லை, தன் முகப்பு இது என்று அதனால் சொல்ல இயலாது. ஆகவே பிறனொருவன் தேர்ந்தெடுக்கிறான். அவன் செயலை, மேலே சொன்ன கடமைகள் ஓரளவு நியாயப்படுத்துகின்றன. மனிதனுக்கோ வாய் உண்டு, மனம் உண்டு, மறுக்கும் ஆற்றல் உண்டு. அவனுக்கு முகப்பு வகுக்கப் பிறனுக்கு என்ன உரிமை? நம் நாட்டிலே, பிள்ளை பிறந்து கண் திறக்குமுன், நீ இன்ன குலம், இதுவே உன் முகப்பு, இந்த அளவே உன் உயரம் என்று எழுதிவைத்தனர். குறுகிய தொட்டியில் நட்டு, கல்வி என்னும் வேரை நறுக்கி, பின்பு விதையே குட்டை என்று தீர்ப்புரைத்தனர். வேரை வெட்டியவனே வித்தைப் பழித்தான்! போன்சாய் கலைஞனிடம் கேட்டுப் பாருங்கள்: குறுமை என் கைவேலை, விதையின் குறையன்று என்று ஒப்புக்கொள்வான். சாத்திரம் எழுதியோரிடம் அந்த நேர்மைகூட இல்லை.

பெண்ணுக்கும் அவ்வாறே. அடக்கம் என்ற முகப்பை மட்டும் காட்டச் சொல்லி, அறிவையும் ஆற்றலையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தனர். பள்ளியில் பாடம் சொல்லும் எங்களைப் போன்றோர்க்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும். தேர்வு என்பது ஒரு சுவர்மாடம். மாணவனின் ஒரு பக்கமே அங்கே தெரியும். கணக்கில் தடுமாறுகிறவனைப் பார்த்து, இவன் இவ்வளவுதான் என்று சொல்லுமுன், ஒருமுறையேனும் சுற்றிவந்து பார்க்க வேண்டாமா?

இன்னொரு சூழ்ச்சிக்கும் இடமளிக்கலாகாது. மரத்தை ஒரே நாளில் வெட்டி, வளைத்து, தொட்டி மாற்றினால் அது மடியும். பருவம் பார்த்து, ஆண்டுக்கு ஒரு வேலையாகச் செய்க என்பது கலையின் விதி. இதைக் காட்டி, சமுதாயச் சீர்திருத்தத்துக்கும் இத்தகைய பொறுமை வேண்டும் என்று உபதேசிக்க ஒரு கூட்டம் வரும். அவர்களுக்கு நம் விடை இது: அந்தப் பொறுமை, கத்தரி பிடித்தவனுக்கு விதித்த கட்டுப்பாடு, வெட்டுப்படும் மரத்துக்குச் சொன்ன அறிவுரையன்று. வலியோன் தன் கையை அடக்கிக்கொள்வது அறம். அடிபடுவோனை நோக்கி மெல்ல மெல்ல என்பது அறமாகாது.

ஆகவே இளைஞர்களே! எந்த நிறுவனமும், எந்த நூலும், எந்தத் தலைவரும், நம் இயக்கமே ஆனாலும், ஒரு முகப்பைக் காட்டி இதுவே முழுமை என்னும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதைத் தேர்ந்தவர் யார்? அவர் எங்கே நின்று பார்த்தார்? பின்பக்கத்தில் உழைத்து வாடுவது எது? விடை கிடைக்கும்வரை சுற்றி வாருங்கள். மரத்துக்கு முகம் வகுக்கும் கலைஞன், ஒரு கிளையை வெட்டுமுன் அவ்வளவு தொலைவு சுற்றி வருகிறான். மனிதனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வருவோர், அதில் பாதித் தொலைவாவது நடக்கட்டும்!