தாய்க்கோழியும் தனிமனிதப் பொறுப்பும்

அறத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பெரிய மனிதர்களையும் பெரிய நிகழ்ச்சிகளையுமே எடுத்துக்காட்டுகளாகக் கொள்கிறோம். அரசைத் துறந்தவர்களும் உயிர் கொடுத்து வாக்கைக் காத்தவர்களும் நம் மேடைகளில் தவறாமல் இடம்பெறுகின்றனர். அன்றாடம் உண்ணும் உணவோடு கலந்து வரும் அறத்தைப் பற்றியோ நாம் அதிகம் சிந்திப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் நண்பகலில் வாழையிலையின் ஓரத்தில் கோழிக்கறி பரிமாறப்படும்போதும், கிள்ளான் சந்தையில் காலை வேளையில் கோழியை வெட்டித் தரச் சொல்லிக் காத்து நிற்கும்போதும், விலை ஏறிவிட்டதா என்பதை மட்டுமே நாம் கேட்கிறோம். அக்கோழியை ஈன்ற தாய் எங்கே வளர்ந்தது, நோயின்றி வாழ்ந்ததா, அதனைக் காத்தவன் உண்மையுள்ளவனா என்னும் கேள்விகள் நம் உள்ளத்தில் எழுவதில்லை. அக்கேள்விகளுக்குள்ளே மிகப் பழைய வினா ஒன்று அடங்கியிருக்கிறது. விதிக்கு அஞ்சி நல்லவனாக இருந்தால் போதுமா? எவரும் காணாத இடத்திலும் ஒருவன் நல்லவனாக இருத்தல் வேண்டுமா? இவ்வினாவை ஒரு கோழிப்பண்ணையை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டப்புறங்களில் வளர்ந்த தலைமுறைக்குக் கோழி வளர்ப்பு புதியதன்று. லயத்து வீட்டின் பின்புறத்தில் பழைய கூடையொன்றில் வைக்கோலைப் பரப்பிப் பெட்டைக் கோழியை அடைவைப்பார்கள். 21ஆம் நாள் குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவரும். நோய் கண்டால் அந்த வரிசை வீட்டுக் கோழிகள் சாகும்; இழப்பு பெரும்பாலும் அவ்வளவோடு நின்றுவிடும். இன்று அத்தொழில் பல படிகளாகப் பிரிந்துவிட்டது. நாம் உண்ணும் கறிக்கோழி ஒரு பண்ணையில் வளர்கிறது. அதன் குஞ்சு வேறோரிடத்துப் பொரிப்பகத்திலிருந்து வருகிறது. அப்பொரிப்பகத்திற்கு வேண்டிய அடைமுட்டைகளை இடுவதற்கென்றே தாய்க்கோழிப் பண்ணைகள் தனியாக இயங்குகின்றன. அங்குள்ள பெட்டைகள் ஏறத்தாழ 25 வாரங்களில் முட்டையிடத் தொடங்கி, 60 வாரங்களைக் கடந்தும் இடுகின்றன. ஒரு பெட்டை தன் வாழ்நாளில் 150க்கும் மேற்பட்ட அடைமுட்டைகளைத் தருகிறது. அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு குஞ்சாகப் பொரித்தாலும், 10,000 பெட்டைகளைக் கொண்ட ஒரு பண்ணையிலிருந்து பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட குஞ்சுகள் நாட்டில் பரவுகின்றன. அப்பண்ணையில் ஒருவன் செய்யும் நன்மையும் தீமையும் அவன் ஒருநாளும் காணப்போகாத வீடுகளைச் சென்று சேர்கின்றன.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது நம் முன்னோர் மொழி. தாயின் கால் குஞ்சைக் கொல்லாது என்பது மெய்யே. ஆனால், தாயின் உடலில் உள்ள நோய் குஞ்சைக் கொல்லக்கூடும் என்பதை அறிவியல் கண்டறிந்துள்ளது. புல்லோரம் என்னும் குடல் நோய்க் கிருமியும், மூச்சுறுப்புகளைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமியும் தாயின் உடலிலிருந்து முட்டைக்குள்ளேயே புகுந்து குஞ்சைச் சேர வல்லவை. முட்டையின் ஓட்டிலோ ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. இட்ட முட்டை சூடு ஆறும்போது அதன் உட்பொருள் சுருங்குகிறது. அப்போது ஓட்டின்மேல் படிந்த அழுக்கும் கிருமியும் துளைகளின் வழியே உள்ளே இழுக்கப்படுகின்றன. அதே முட்டையின் வழியாகவே நன்மையும் செல்கிறது. தாய்க்கோழிக்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடப்பட்டிருந்தால், அதன் உடலில் உருவான எதிர்ப்பாற்றல் மஞ்சட் கருவின் வழியே குஞ்சை அடைந்து, அதன் தொடக்க வாரங்களில் அதனைக் காக்கிறது. தாயைப் போலப் பிள்ளை என்னும் பழமொழிக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேறென்ன வேண்டும்!

இத்தகைய தொழிலுக்கு விதிகள் பலவாக இருப்பதில் வியப்பில்லை. பண்ணைக்குள் நுழைபவர் குளித்து உடை மாற்றுதல் வேண்டும். கிருமிநாசினித் தொட்டியில் காலணியை நனைத்தல் வேண்டும். பணியாளர் தம் வீட்டில் வேறு கோழி, வாத்து வளர்த்தலாகாது. முட்டைகளை ஒரு நாளில் பலமுறை சேகரித்துத் தூய்மை செய்தல் வேண்டும். தரையில் கிடந்த அழுக்கு முட்டையை அடைக்கு அனுப்புதல் கூடாது. குறித்த காலத்தில் கோழிகளின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். இறந்த கோழிகளின் எண்ணிக்கையும், கொடுத்த மருந்தும், போட்ட தடுப்பூசியும் நாள்தோறும் ஏட்டில் பதிவாக வேண்டும். இவற்றிற்கெல்லாம் மேலாக, நம் நாட்டின் 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின்படி, தொற்றுநோய் கண்டவர் அதனைக் கால்நடைத் துறைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர் ஆவார். இவ்விதிகளைத் தொல்லை என்று கருதுவோரும் உளர். அவ்விதிகளுட் பல, எங்கோ ஒரு பண்ணை அழிந்த பிறகு எழுதப்பட்டவை என்பதை எண்ணினால் அக்கருத்து மாறும்.

ஆயினும், விதியின் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. அதிகாரி ஆண்டில் சில நாள்களே பண்ணைக்கு வருவார். ஏனைய நாள்களில் விடியற்காலையில் கொட்டகைக் கதவைத் திறந்து முதலில் உள்ளே செல்பவன் பணியாளன் ஒருவனே. கோழிகள் நேற்றைவிடக் குறைவாக நீர் குடித்திருப்பதையும், முட்டை எண்ணிக்கை சற்றே சரிந்திருப்பதையும், மூலையில் இரண்டு கோழிகள் இறகு சிலிர்த்து ஒடுங்கியிருப்பதையும் அவனே முதலில் காண்கிறான். அந்த நொடியில் அங்கே சட்டமும் இல்லை, சாட்சியும் இல்லை. அவனும் அவன் உள்ளமுமே உள்ளனர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஓர் உண்மை உணர்த்தப்பட்டது. ஒரு வகுப்பின் ஒழுங்கை ஆசிரியர் உள்ளே நிற்கும்போது அளக்கலாகாது. அவர் வெளியே சென்ற பின்னரே அளக்க வேண்டும் என்பர். பள்ளிக்குச் சொன்ன அவ்வளவுகோல் பண்ணைக்கும் நாட்டிற்கும் பொருந்துவதேயாகும்.

இனி, அப்பண்ணை உரிமையாளரின் நிலையை நடுநிலையோடு எண்ணிப் பார்ப்போம். நோய் என்று ஐயம் எழுகிறது. அறிவித்தால் முட்டை அனுப்புவது அன்றே நிற்கும். கோழிகள் அனைத்தும் கொல்லப்படலாம். வங்கிக் கடன் நிற்காது. தீனிக் கடையின் நிலுவை நிற்காது. பணியாளரின் குடும்பங்கள் பசிக்காமல் இருக்கப்போவதில்லை. அறிவிக்காமல் ஒரு வாரம் பொறுத்தாலோ, அது வெறும் சாதாரணச் சளியாகவே இருந்துவிடவும் கூடும். உறுதியாகத் தெரியாத ஒன்றிற்காக உறுதியான அழிவை ஏற்பது அறிவுடைமையா என்று அவர் வினவினால், எளிதில் விடை கூற இயலாது. அவரைக் கொடியவர் என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது நீதியன்று. எனினும், அந்த ஒரு வாரத்தில் அவர் பணயமாக வைப்பது தம் பொருளை மட்டுமா என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். அவ்வாரத்து முட்டைகளை நம்பி வாங்கும் பொரிப்பகத்தாரும், அக்குஞ்சுகளைக் கடன் பட்டு வளர்க்கும் சிறு பண்ணையாரும் இந்தச் சூதாட்டத்திற்கு உடன்பட்டவர்கள் அல்லர். தன் பொருளை இழக்கத் துணிவது ஒருவனுடைய உரிமை. பிறர் பொருளை அவரறியாமல் பணயம் வைப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஐயம் உறுதிப்படும்வரை காத்திருக்கும் உரிமையை அவர் இழப்பதும் இதனாலேயே ஆகும்.

இது வெறும் கற்பனை வாதமன்று என்பதை நம் நாட்டு வரலாறே கூறும். 1998ஆம் ஆண்டின் இறுதியில் பேராக் மாநிலத்தின் பன்றிப் பண்ணைகளை ஒட்டி மூளைக்காய்ச்சல் ஒன்று தோன்றியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே தொடக்கத்தில் அது கருதப்பட்டது. அதற்கேற்பக் கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் நடந்தன. பன்றிகளோ கடுமையாக இருமின. ஒரு மைல் இருமல் என்று அதற்குப் பெயரே வழங்கலாயிற்று. நோய் கண்ட வட்டாரத்துப் பன்றிகள் தெற்கே கொண்டு செல்லப்பட்டதால், நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா ஆகிய ஊர்களுக்கும் நோய் பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அப்புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு இடப்பட்டது. நோயுற்றோர் 265 பேர். அவர்களுள் 105 பேர் மாண்டனர். பத்து இலட்சம் அளவிலான பன்றிகள் கொல்லப்பட்டன. சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர் ஒருவரும் இந்நோயால் உயிரிழந்தார். அன்று பன்றிகளை விற்றவர்களுக்கு அது எத்தகைய நோய் என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆகவே அவர்கள்மீது பழி சுமத்துவது நம் நோக்கமன்று. ஆனால், பெயர் தெரியாத நோயேயாயினும் அது கண்ட இடத்திலேயே நிறுத்தப்பட வேண்டும் என்னும் பாடத்தை நாம் பெரும் விலை கொடுத்துக் கற்றோம்.

பறவைகளின் நோயும் நம் வாயிற்படிவரை வந்ததுண்டு. எச்5 என்1 என்னும் பறவைக் காய்ச்சல் 2004இல் கிளந்தானில் தோன்றியது. 2006 பிப்ரவரியில் கோலாலம்பூரை அடுத்த கோம்பாக் வட்டாரக் கிராமங்களிலும், 2007 ஜூனில் சுங்கை பூலோவை அடுத்த பாயா ஜாராஸ் ஹிலிரிலும் கிராமத்துக் கோழிகளிடையே அது கண்டறியப்பட்டது. சுற்றுவட்டாரத்துப் பறவைகள் அழிக்கப்பட்டன. பெரும் பண்ணையின் சுவர்களுக்குள் மட்டும் பொறுப்பு அடங்கிவிடுவதில்லை என்பதை இது காட்டுகிறது. வீட்டின் பின்புறத்தில் பத்துக் கோழி வளர்ப்பவரும், செத்த கோழியை ஆற்றில் எறியாமல் அறிவிக்கக் கடமைப்பட்டவரே.

இங்கே சமுதாயத்தின் கடமையையும் கூறாவிட்டால் நம் வாதம் ஒருதலையாகிவிடும். உண்மை சொன்னவன் தெருவில் நிற்க, மறைத்தவன் செழித்து வாழ்வானாயின், மறுமுறை உண்மை சொல்ல எவன் முன்வருவான்? ஊர் நலத்திற்காக ஒருவனுடைய கோழிகள் கொல்லப்படும்போது, அந்த இழப்பில் ஊரும் பங்கேற்றல் வேண்டும். இழப்பீடு என்பது அரசு போடும் பிச்சையன்று. உண்மைக்காக நாம் அனைவரும் சேர்ந்து செலுத்தும் விலை அது. இழப்பீடு கிடைக்குமென்றால் பண்ணையார் அசட்டையாக இருந்துவிடுவார் என்று சிலர் வாதிடுவர். அவ்வாதத்திலும் உண்மை உண்டு. ஆகையால், முறைகளைக் கைக்கொண்டு உடனே அறிவித்தவருக்குத் தாமதமின்றி முழுமையாகவும், மறைத்தவருக்குத் தண்டனையாகவும் சட்டம் அமைதலே நேரியது. நோய் அறிவித்த பண்ணையின் பெயரைக் கேட்ட அளவில் முகஞ்சுளிக்கும் வழக்கத்தை வாங்குவோராகிய நாமும் கைவிடுதல் வேண்டும்.

விதி பேசும் இடங்களைக் கண்டோம். அது பேசாத இடங்களும் உள. கறிக்கோழியின் தாய்க்குலம் விரைவில் கொழுக்கும்படி பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. ஆதலால் அத்தாய்க்கோழிகளுக்கு வேண்டிய மட்டும் தீனி வைத்தால் அவை மிகப் பருத்து, கால் தளர்ந்து, முட்டை குறைந்து, விரைவில் மடியும். அவற்றின் நலங்கருதியே தீனி அளந்து கொடுக்கப்படுகிறது. வளரும் பருவத்தில் அவை விரும்பி உண்ணக்கூடிய அளவில் பாதிக்கும் குறைவாகவே கிடைப்பதும் உண்டு. நிறைய உண்டால் நோய். அளந்து உண்டால் ஓயாப் பசி. இந்த இக்கட்டை மனிதன் தன் தட்டு நிறைவதற்காகவே உண்டாக்கினான். வள்ளுவர் புலான் மறுத்தலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அந்நெறியில் நிற்போருக்கு இச்சிக்கலே இல்லை. புலால் உண்போராகிய பெரும்பான்மையினருக்கோ, தம் உணவின் பின்னே ஒரு தாயின் பசி இருப்பதை அறியும் கடமையேனும் உண்டு. மருந்தின் கதையும் இத்தகையதே. மனிதர்க்கு வேறு மருந்து பயன்படாதபோது கடைசியாகக் கைகொடுக்கும் கோலிஸ்டின் என்னும் மருந்து, கால்நடைத் தீனியிலும் கலக்கப்பட்டு வந்தது. 2019 ஜனவரி முதல் நாள்தொட்டு நம் நாட்டில் கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பு அதனைக் கலந்தவர் சட்டத்தை மீறியவர் அல்லர். எனினும், சட்டம் அனுமதித்ததெல்லாம் சரியானதுதானா என்று அன்றே கேட்டு நிறுத்திக்கொண்டவர் எவரேனும் இருந்தால், அவரே அறவோர் எனத் தகுவார். சட்டம் பின்னால் வருகிறது. மனச்சாட்சி முன்னால் நடக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, விதியா மனச்சாட்சியா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது பொருந்தாது. விதி இல்லையேல், நல்லவன் ஒருவன் காக்கும் தூய்மையை அடுத்த பண்ணையின் அசட்டை ஒரே இரவில் அழித்துவிடும். மனச்சாட்சி இல்லையேல், விதி ஏட்டில் பொய்க் கையொப்பமாக முடியும்; வேலியே பயிரை மேய்ந்த கதையாகும். நம் பிள்ளைகளுள் சிலர் நாளை பண்ணை நடத்துவர், சிலர் அதிகாரிகளாவர், பலர் வாங்கி உண்போராக மட்டும் இருப்பர். கொட்டகையின் மூலையில் ஒடுங்கி நிற்கும் இரண்டு கோழிகளைக் கண்டவுடன், நட்டம் வருமென்று தெரிந்தும் அதனை எழுதி ஒப்பமிட்டு உரியவருக்கு அறிவிக்கும் துணிவை அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். அவ்வாறு அறிவித்தவனைக் கைவிடாத பண்பை மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பிப்பதே பள்ளியின் பணியும் பெற்றோரின் பணியும் ஆகும்.