ஈதலும் இழையும்

கம்பளையிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்லும் வீதி புசல்லாவையைக் கடந்ததும் இறம்பொடைக் கணவாயை நாடி வளைந்து வளைந்து ஏறுகின்றது. அருவிச் சாரலும் மழையும் மூடுபனியும் மாறி மாறி நிலவும் இம்மலைச் சரிவுகளிலே கம்பளி என்பது அலங்காரம் அன்று, உடம்பின் தேவை. இத்தகைய தோட்டமொன்றிலே கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி, பக்கத்துக் காம்பராவிற் பிறந்த குழந்தைக்கென இரண்டு மூன்று மாலைகளில் ஒரு தொப்பி பின்னிக் கொடுக்கின்றாள் எனக் கொள்க. நூல் ஓர் உருண்டை, கொக்கியூசி ஒன்று, அடுப்படியிற் கிடைத்த சிறிது நேரம். நுவரெலியாக் கடைத்தெருவில் அதனினும் அழகிய தொப்பி விலைக்குக் கிடைக்கும். அவ்வாறாயின் அவள் ஈந்தது எதனை?

கையுழைப்பை ஈந்தாள் என்பதே எளிதில் எழும் விடை. கையாற் செய்தது உயர்ந்தது, பொறியாற் செய்தது தாழ்ந்தது என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் பரவலாக உண்டு. ஆயினும் ஆராயுமிடத்து அது நிலைபெறுவதன்று. இரண்டு ஊசிகளாற் செய்யும் பின்னலைப் பொறி கைப்பற்றி நெடுங்காலமாயிற்று. இங்கிலாந்தினரான வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்த ஆண்டு 1589. கொக்கியூசிப் பின்னலாகிய குரோசேயோ இன்றுவரை பொறிக்கு வசப்படவில்லை. அதனைப் போலத் தோன்றும் துணியைப் பொறி தரும். உண்மையான குரோசேயின் ஒவ்வொரு கண்ணியையும் ஒரு மனிதக் கையே இழுத்தாக வேண்டும். எனவே கடையில் மலிவாகத் தொங்கும் குரோசேப் பொருளும் எங்கோ ஒருத்தியின் கைவேலையே. கைவேலை என்பதனாலேயே ஒரு பொருள் அன்பின் சின்னமாகிவிடுமாயின், அக்கடைச்சரக்கும் அவ்வாறே ஆதல் வேண்டும். அதனை எவரும் ஒப்பார்.

மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியலறிஞர் ஆந்திரத்து நரசாப்பூர்ப் பகுதியில் ஆய்ந்து 1982 இல் வெளியிட்ட நூல் ஈண்டுக் கருதத்தக்கது. 19 ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிசனரிமாரால் அங்கே புகுத்தப்பட்ட குரோசே லேஸ் பின்னல் நாளடைவில் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. பெண்கள் வீட்டிலிருந்தவாறே நாடோறும் பல மணிநேரம் பின்னினர். ஆனால் அவர்கள் தொழிலாளர் எனக் கருதப்படவில்லை. வீட்டிலிருக்கும் பெண் தன் ஓய்வுநேரத்தைப் பயன்படுத்துகின்றாள் என்றே கொள்ளப்பட்டது. கூலி மிகக் குறைந்திருந்தமைக்கு ‘ஓய்வு’ என்ற அச்சொல்லே அரணாயிற்று. உழைப்பைப் பொழுதுபோக்கு எனப் பெயரிட்டுவிட்டால் அதன் விலையைக் குறைத்துவிடலாம் என்பதை வணிகம் நன்கறியும். ஆகவே மலையகப் பெண்ணின் தொப்பியையும் ‘ஓய்வுநேரக் கைவேலை’ எனக் கூறுவோர் சற்று நின்று சிந்தித்தல் நன்று.

அவளுக்கு ஓய்வு எங்கே உளது? அவளது பகற்பொழுது பெரட்டுக்களத்தில் தொடங்கிக் கொழுந்து மடுவத்துத் தராசில் முடிவது. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்ட காலத்தும், பல தோட்டங்களில் 18 கிலோவோ அதற்கு மேலோ பறித்தாலன்றி முழுப்பேர் இல்லை, குறைந்தால் அரைப்பேர். ஆணுக்கு நிகரான சம்பளமே 1984 இல்தான் தோட்டப் பெண்ணுக்குக் கிட்டியது. லயத்துக்குத் திரும்பிய பின்னர் விறகு, தண்ணீர், சமையல், பிள்ளைகள். எஞ்சுவது அரைமணி நேரம். அதுவும் துண்டு துண்டாக. ஊசிப் பின்னலில் பல கண்ணிகள் ஒருங்கே ஊசியில் நிற்கும். ஒன்று நழுவின் வரிசை வரிசையாக அவிழும். கொக்கியூசியிலோ பெரும்பாலும் ஒரு கண்ணியே உயிரோடிருக்கும். குழந்தை அழுதால், உலை பொங்கினால், அப்படியே வைத்துவிட்டு எழலாம். சிறிய பொருளையும் விரைவில் முடிவதையும் அவள் தேர்வது அன்பின் சிறுமையால் அன்று. பிறர் வாங்கிக்கொண்டது போக எஞ்சிய பொழுது அவ்வளவே என்பதால். விற்ற பொழுதை அவளால் ஈய இயலாது. விற்காத பொழுது முழுவதையும் ஈந்தவளிடம் ‘இவ்வளவுதானா’ எனக் கேட்பது அறமாகுமா?

இதற்கொரு தடை எழலாம். பிரெஞ்சு அறிஞர் மார்சல் மோஸ், ஈதல், ஏற்றல், திருப்பியளித்தல் ஆகிய மூன்றும் சமூகக் கடப்பாடுகளே என 1925 இல் வெளிவந்த தமது கட்டுரையில் நிறுவினார். அவர் கூற்றுப்படி தொப்பியும் ஒருவகைக் கடனே. அயலாள் முன்பு செய்ததற்குக் கைம்மாறாகவோ, பின்பு செய்யவேண்டியதற்கு முற்பணமாகவோ அது அமையலாம். இத்தடையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. திருமண வீட்டு மொய்யில் அது கண்கூடு. ஆயினும் எழுதப்படும் கடனுக்கும் எழுதப்படாத கடப்பாட்டுக்கும் வேற்றுமை உண்டு. மொய்க் குறிப்பேட்டில் பெயரும் தொகையும் ஏறும். தொப்பி எவ்வேட்டிலும் ஏறுவதில்லை.

இவ்வேற்றுமையின் ஆழத்தை மலையகத்தார் வரலாற்றால் அறிந்தவர். தமிழகத்திலிருந்து மலையேறி வந்த அவர்தம் முன்னோருக்குத் தோட்டத்தில் கிடைத்த முதற் பொருள்களுள் ஒன்று ஒரு முரட்டுக் கம்பளி. குளிரில் நடுங்கியவன் அதனைக் கொடை என்றே கருதியிருக்கலாம். துரையின் கணக்கிலோ அதன் விலை அவன் பேரிற் பற்றெழுதப்பட்டது. அரிசியும் வழிச்செலவும் கங்காணியின் முற்பணமும் அதனோடு சேர்ந்து, ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு ஆளையே கடனோடு மாற்றும் ‘துண்டு’ முறையாய் வளர்ந்தன; 1921 ஆம் ஆண்டுச் சட்டமே அதனை ஒழித்தது. கதகதப்பைத் தந்து மனிதனைப் பிணித்த கம்பளி அது.

தமிழ் மரபு போற்றும் போர்வையோ வேறு. மலைநாட்டுத் தலைவனான பேகன் மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தான். மயிலுக்குக் குளிருமா, அது போர்த்திக்கொள்ளுமா என்றெல்லாம் அவன் எண்ணவில்லை. கொடைமடம் என்று அதற்குப் பெயரிட்ட மரபு, அதனை இகழாமற் புகழ்ந்தது. மயில் எதனையும் திருப்பித் தராது என்பது புகழ்ந்தோர்க்குத் தெரியாததன்று. பேகன் அரசன், அவனுக்குப் போர்வைகள் பல இருந்திருக்கும். லயத்துப் பெண்ணிடம் இருந்தது ஓர் உருண்டை நூல்.

அவளிடம் பெற்ற சிசுவும் மயிலைப் போன்றதே; தந்தவளை அறியாது, நன்றி கூறாது. சில மாதங்களில் தலை பெருத்துத் தொப்பி சிறுத்துவிடும். அப்போது அது அடுத்த காம்பராவிற் பிறக்கும் பிள்ளைக்குப் போகும். அன்றேல், ஒரே இழையால் ஆனதாகலின், கடைசிக் கண்ணியிலிருந்து முழுவதும் அவிழ்க்கப்பட்டு, வேறொருத்தியின் கையில் ஒரு சோடிக் காலுறையாக மீண்டும் பின்னப்படும்.