வளர்ந்த பின்னும் வாக்கு வாக்குத்தானா?

சிறு வியாபாரியிடம் வாடிக்கை வைத்துக்கொள்வதில் ஒரு தனி நிம்மதி உண்டு. அவருக்கு நம் பெயர் தெரியும். நம் வீட்டில் எத்தனை பேர் என்பது தெரியும். ஒரு குறை சொன்னால் கல்லாவை விட்டு எழுந்து வந்து கேட்பார். அதே வியாபாரி பத்துக் கிளைகள் திறந்து பெரிய முதலாளியான பிறகு, கல்லாவில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு நாம் யாரென்று தெரியாது. அப்போது நம் மனத்தில் ஒரு கேள்வி எழும். சிறியவராய் இருந்தபோது கொடுத்த வாக்கு, பெரியவரான பின்னும் அவரைக் கட்டுப்படுத்துமா? அல்லது, “அந்தக் காலம் வேறு, இந்தக் காலம் வேறு” என்று தள்ளிவிட அவருக்கு நியாயம் உண்டா?

இக்கேள்வியை நம் காலத்துத் தொழில் ஒன்றை வைத்து ஆராய்வோம்.

இன்று துணிக்கடை முதல் பள்ளிக்கூடம் வரை எத்தனையோ பேருக்கு இன்டர்நெட்டில் ஒரு வலைத்தளம் இருக்கிறது. அது ஆகாயத்தில் தொங்கவில்லை. எங்கோ ஒரு கட்டிடத்தில், இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் என்னும் கம்ப்யூட்டரில் தங்கியிருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில் இடத்தை வாடகைக்கு விடுவதே ஹோஸ்டிங் கம்பெனியின் தொழில். வாடிக்கைக்காரர் அந்தக் கட்டிடத்தைக் கண்டதில்லை. அந்த யந்திரத்தைத் தொட்டதுமில்லை. ஆயினும் தம் விற்பனைக் கணக்கு, கடிதங்கள், படங்கள் யாவற்றையும் அங்கே ஒப்படைக்கிறார். ஆகையால் இது வெறும் வாடகை விவகாரமன்று. அடைக்கலப் பொருளின் விவகாரம். வாடகை வீட்டில் ஓடு உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். அடைக்கலமாய் வைத்த பொருள் போனால் போனதுதான்.

அமெரிக்காவில் டிரீம்ஹோஸ்ட் என்றொரு கம்பெனி உண்டு. கலிபோர்னியா மாநிலத்தின் கிளேர்மான்ட் நகரில், ஹார்வி மட் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான்கு மாணவர்கள் 1996-ல் அதைத் தொடங்கினார்கள். நண்பர்களின் முயற்சியாய் முளைத்தது, பத்தே ஆண்டுகளில் பெரிய கம்பெனியாகிவிட்டது. அதன் பேச்சு மட்டும் பழைய நண்பர் பேச்சாகவே இருந்தது. வாடிக்கைக்காரர்களுக்கு எழுதுவதெல்லாம் கேலியும் வேடிக்கையுமாய், ஒளிவுமறைவின்றி எழுதுவார்கள். அதை விரும்பியே பலர் அவர்களிடம் போனார்கள்.

2006-ல் அதன் நிறுவனர்களில் ஒருவர் ஒரு காரியத்தை வெளிப்படையாய் எழுதினார். தாங்கள் விற்கும் இடத்தை எல்லா வாடிக்கைக்காரரும் முழுவதுமாய்ப் பயன்படுத்தினால் தங்களால் கொடுக்க இயலாது என்றும், பெரும்பாலோர் மிகக் கொஞ்சமே பயன்படுத்துவதால்தான் அவ்வளவு மலிவாய் விற்க முடிகிறது என்றும் ஒப்புக்கொண்டார். இத்தொழிலில் இது எங்கும் நடப்பதே. அதை வாய்விட்டுச் சொல்லுகிறவர்கள்தான் அரிது.

இது பொய் வியாபாரமா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். கலியாண வீட்டை நினைத்துப் பாருங்கள். ஐந்நூறு பேருக்குப் பத்திரிகை வைத்தவர் நானூறு பேருக்குத்தான் உலை வைக்கிறார். அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்பதில்லை. அனுபவத்தால் கணக்கிட்டுச் செய்கிறார். ஆனால் ஐந்நூறு பேரும் வந்துவிட்டால்? மானமுள்ள வீட்டுக்காரர் உடனே மறுபடி உலை வைப்பார். கடன்பட்டாவது வந்தவருக்கு இலை போடுவார். “இத்தனை பேர் வருவீர்களென்று நினைக்கவில்லை” என்று சொல்லி, பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்புகிறவரோ, பத்திரிகை வைத்த நாளிலேயே பொய் சொன்னவராகிறார்.

ஹோஸ்டிங் கம்பெனிக்கும் நீதி இதுவே. எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்கமாட்டார்கள் என்று கணக்கிடுவது பாவமன்று. கேட்டு வந்தவருக்குத் தன் கைப்பொருளைச் செலவிட்டாவது கொடுக்க மனமில்லாமல், “எல்லையற்ற இடம்” என்று விளம்பரம் செய்து, யாரும் வாசியாத சிறு எழுத்தில் அதை மறுத்து வைப்பதே அநீதி. வாக்கின் உண்மை, அதைக் கேட்டு வருகிற கடைசி மனிதனிடத்தில்தான் சோதிக்கப்படுகிறது.

அதே 2006-ஆம் ஆண்டுக் கோடையில் அந்தக் கம்பெனிக்குச் சோதனைக் காலம் வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் அதன் சர்வர்கள் இருந்த கட்டிடத்தில் மின்சாரம் தடைப்பட்டது. அதைத் தொடர்ந்து வேறு கோளாறுகளும் வந்தன. வாடிக்கைக்காரரின் வலைத்தளங்களும் கடிதப் போக்குவரத்தும் நின்று நின்று போயின. கம்பெனி எதையும் மூடி மறைக்காமல், நடந்ததை விரிவாய் எழுதி வெளியிட்டது. மெச்சத்தக்க காரியந்தான். ஆனால் கடிதம் வராமல் ஒரு வேலையை இழந்தவருக்கு அந்த விளக்கம் என்ன செய்யும்?

2008 ஜனவரியில் இன்னொன்று நேர்ந்தது. கட்டண வசூலுக்கான தேதியில் யாரோ ஆண்டை மாற்றி அடித்துவிட, இன்னும் கெடு வராத தொகையெல்லாம் வாடிக்கைக்காரரிடமிருந்து பிடிக்கப்பட்டது. கம்பெனியே சொன்ன கணக்கின்படி அது சுமார் 75 லட்சம் டாலர். தவற்றை உடனே ஒப்புக்கொண்டார்கள். பணத்தைத் திருப்பித் தரவும் ஏற்பாடு செய்தார்கள். ஆனால் அந்த அறிவிப்பையும் வழக்கம்போல் கேலிப்படத்தோடு, சிரிப்பு நடையில் வெளியிட்டார்கள். வாடிக்கைக்காரர் பலருக்குப் பணம் போனதைவிட அந்தச் சிரிப்பே அதிகம் சுட்டது.

ஏன் சுட்டது என்று யோசிக்கவேண்டும். நேற்று வரை அந்த வேடிக்கைப் பேச்சு எல்லோருக்கும் பிடித்திருந்ததன்றோ? பத்து நண்பர்களுக்குள் ஒரு தவறு நேர்ந்தால் சிரித்துத் தீர்த்துவிடலாம். ஒவ்வொருவர் நிலையும் மற்றவருக்குத் தெரியும். ஆயிரக்கணக்கானவரின் பணத்தைக் கையாளுகிறவருக்கோ, அன்றைக்கு யார் வீட்டில் வாடகை கட்டவேண்டும், யார் வீட்டில் மருந்து வாங்கவேண்டும் என்பது தெரியாது. தெரியாத இடத்தில் சிரிப்பது தகாது. சிறியவனாய் இருந்தபோது உரிமையாய்த் தோன்றிய அதே பேச்சு, பெரியவனான பின் அலட்சியமாய்த் தோன்றுகிறது. மாறியது பேச்சல்ல, அதைச் சுமக்கும் பொறுப்பு.

இங்கே இரண்டு கடமைகளைப் பிரித்து அறியவேண்டும். தவற்றை ஒப்புக்கொள்வது ஒன்று. நஷ்டத்தை ஈடுசெய்வது மற்றொன்று. முதலாவதைச் செய்தவர் இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாக நினைப்பது மனித சுபாவம். உண்மை பேசினால் மனம் இலேசாகும். ஆனால் கடன் இலேசாகாது. பக்கத்து வீட்டுக் குடத்தை உடைத்துவிட்டு, “நான்தான் உடைத்தேன்” என்று சொல்லும் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிறோம். பிறகு புதுக் குடமும் வாங்கிக் கொடுத்தனுப்புகிறோம்.

பிரான்ஸ் தேசத்தில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். ஓவிஎச் என்னும் கம்பெனி, வட பிரான்சிலுள்ள ரூபே நகரில் 1999-ல் சிறு அளவில் தொடங்கி, ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் கம்பெனிகளில் ஒன்றாய் வளர்ந்தது. 2021 மார்ச் 10-ஆம் தேதி, ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அதன் ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்று தீப்பற்றி அழிந்தது. உயிர்ச்சேதமில்லை. ஆனால் எத்தனையோ பேரின் உழைப்பு அந்த இரவில் சாம்பலாயிற்று. வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். வைத்திராதவர்களில் பலர் யாவற்றையும் இழந்தார்கள். வாடிக்கைக்காரர் ஒருவர், நகல் எடுத்துப் பாதுகாக்கும்படி கம்பெனிக்கே கட்டணம் செலுத்தியிருந்தார். அசலோடு நகலும் அதே இடத்தில் எரிந்துபோயிற்று. 2023-ல் லீல் நகர வணிக நீதிமன்றம், நகலைத் தனியிடத்தில் வைப்பதாகச் சொன்ன வாக்கைக் கம்பெனி காக்கவில்லை என்று தீர்ப்புக் கூறியது.

தீயை யாரும் விரும்பி அழைக்கவில்லை என்பது மெய்தான். ஆனால் நகல் என்பது அப்படிப்பட்ட நாளுக்காகவே வைப்பது. பெட்டிச் சாவியையும் அதன் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துத் தொலைத்தவன், “இரண்டு சாவி வைத்திருந்தேனே” என்று சொல்லிப் பயனில்லை.

ஆகவே நம் முதற்கேள்விக்கு விடை கிடைக்கிறது. வளர்ச்சி குற்றமன்று. ஒரு கம்பெனி வளர்ந்தால் பலருக்கு வேலை கிடைக்கிறது, விலையும் குறைகிறது. முதலாளியே எல்லாக் கடிதத்துக்கும் பதில் எழுதவேண்டும் என்று நாம் கேட்கவும் முடியாது. ஆனால் வாக்கு வளர்ச்சியோடு தேய்வதில்லை. அது கூடவே வளர்கிறது. பத்துப் பேர் நம்பியபோது பத்துப் பேருக்குக் கடன்காரன். பத்தாயிரம் பேர் நம்பும்போது பத்தாயிரம் பேருக்குக் கடன்காரன். அந்த முதல் பத்துப் பேரின் நம்பிக்கையில் ஏறி வந்தவன், அவர்களை எண்களாய் மாற்றிவிட்டு, “எங்கள் விதிமுறை இப்படி” என்று மட்டும் பதில் சொல்வது நன்றிகேடு.

வாடிக்கைக்காரருக்கும் கடமை உண்டு. மாதம் பத்து டாலருக்கும் குறைவாய்க் கொடுத்துவிட்டு, அரண்மனைக் காவலை எதிர்பார்ப்பது நியாயமன்று. தன் பொருளைத் தானும் காக்கவேண்டும். தவிர, கோபமாய் நாம் எழுதும் கடிதத்தை அங்கே வாசிப்பவர் முதலாளி அல்லர். ராத்திரி முறையில் விழித்திருக்கும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. நம் நஷ்டத்தைத் தெளிவாய் எழுதலாம், ஈடும் கேட்கலாம். வசைபாட நமக்கு உரிமையில்லை.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலோ கடையிலோ வலைத்தளம் வைத்திருப்பவர் இருந்தால், அதன் நகல் ஒன்று கம்பெனிக்கு வெளியே, உங்கள் கைவசம் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். புதிதாய் ஒரு கம்பெனியைத் தேடுகிறவர், “எவ்வளவு மலிவு?” என்று கேட்குமுன், “என் பொருள் போனால் நகல் எங்கே இருக்கும்?” என்று கேட்கட்டும். சிறு தொழில் நடத்துகிறவரோ, முதன்முதல் தம்மை நம்பி வந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்துக்கொள்ளட்டும். தொழில் பெருகப் பெருக அந்தத் தாளை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.