பிராணாயாமமும் முதுகு நோவும்

ஊவாத் தோட்டமொன்றிலே முப்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மையார் ஒருவர் எம்மிடம் வந்து, "ஐயா, நீங்க சொல்லிக் குடுக்கிற மூச்சு இந்த இடுப்பு நோவுக்குக் கேக்குமா?" என்று வினவினார். உடனிருந்த அன்பர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. சிவயோகத்துக்குரிய சாதனத்தை இடுப்பு நோவுக்குப் பற்றாக்குதல் அபசாரமன்றோ என்றார்.

இவ்வாட்சேபம் ஆராயத்தக்கதே. திருமூல நாயனார் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே பூரகத்துக்கு 16 மாத்திரையும், கும்பகத்துக்கு 64 மாத்திரையும், இரேசகத்துக்கு 32 மாத்திரையும் விதித்தார். ஆயின், அதே தந்திரத்திலே காயசித்தி உபாயத்தையும் வைத்தார். உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்து, பின் அதனுள்ளே இறைவன் கோயில்கொண்டமை கண்டு ஓம்பினவர் அவர். கோயிற் சுவர் வெடித்தாற் சாந்து பூசுதல் அபசாரமாகுமோ?

மூச்சுக்கும் முதுகுக்கும் உள்ள தொடர்பு வெறும் நம்பிக்கையன்று. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் தசைக்கால்கள் இடுப்பு முள்ளென்புகளின் முன்புறத்திலேயே பற்றியுள்ளன. நோவுற்றவர் அஞ்சி மூச்சைக் குறுக்குவர், தசைகள் இறுகும், நோவு மிகும். மூச்சை மெல்ல நெடிதாக விடுங்கால் வேகசு நரம்பின் தொழிலோங்கி இருதயத் துடிப்புத் தணியும், இறுக்கமும் நெகிழும். நாம் பயின்ற பாதிரிமார் பாடசாலையிலே தேகப்பயிற்சி ஆசிரியர் 'வயிற்றை உள்ளிழு, மார்பை நிமிர்த்து' என்று அதட்டுவார். அவ்வழக்கத்தை மறக்க எமக்கு நெடுங்காலஞ் சென்றது.

அம்மையாருக்குக் கும்பகம் கற்பித்தோமில்லை. அது குருமுகமாகப் பயிலற்பாலது. பாயில் மல்லாந்து, முழங்கால்களை மடக்கி, வயிற்றின்மேற் கைவைத்து, கை உயரும்படி மூக்கால் மெல்ல இழுத்து, இழுத்ததினும் நெடிதாக விடுக. தலை சுற்றினால் நிறுத்துக. காலையும் மாலையும் பத்து நிமிஷம் போதும் என்றோம். கால் மரத்தாலோ, வலிமை குன்றினாலோ, சிறுநீர் அடங்காதொழிந்தாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டுமென்றும் எச்சரித்தோம்.

மூச்சொன்றே மருந்தென்பார் பிழைபடுவர். 2020இல் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேர் இடுப்பு நோவுற்றனரெனக் கணித்த உலக சுகாதார நிறுவனம், நாட்பட்ட நோவுக்கு உடற்பயிற்சியையும் நோயைப்பற்றிய அறிவூட்டலையும் 2023இல் விதந்துரைத்தது. இடுப்புப் பட்டையை வழக்கமாக அணிவிக்க வேண்டாமென்றது.

எம்மை உறுத்தும் வினா வேறு. நாளெல்லாம் கொழுந்துச் சுமையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டுச் சரிவேறும் ஒருவருக்கு மூச்சை மட்டும் கற்பித்தல், 'சுமையைப் பொறுத்துக்கொள்' என்பதன் மறுபெயராகாதோ? அன்பரின் ஆட்சேபத்திலும் இதுவே எமக்குப் பெரிதாகத் தோன்றிற்று.

ஆறு கிழமை கழித்து அம்மையார் மீண்டும் வந்தார். இராத்திரியில் உறக்கம் வருகின்றதாம். மலையேறும்போது மாத்திரம் நோவு அப்படியே. "பை நிறையுமுன்னே இடையிலே ஒருதரம் நிறுத்து வாங்கச் சொல்லி யாரிடம் கேட்கிறது, ஐயா?" என்றார். தோட்டத் துரைக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். அதிற் கையொப்பமிட்டோர் அவரோடு பதினொருவர்.