கூட்டத்தில் இருப்பான் என்று நினைத்து

மரியாவின் மாசற்ற இதயம், 28 ஜூன் 2025, சனிக்கிழமை. கல்வியாண்டுத் தொடக்கத் திருப்பலி. நற்செய்தி: லூக்கா 2:41-51



இன்று வாசித்த நற்செய்தியில் ஒரு பையனைக் காணவில்லை. வயது பன்னிரண்டு. நம் பள்ளிக்கூடக் கணக்கில் ஏழாம் வகுப்பு. இயேசுவின் குழந்தைப் பருவம் முடிந்த பிறகு, அவர் முப்பது வயதில் யோர்தானுக்கு வரும்வரை, நற்செய்தியாளர்கள் நமக்குத் தந்திருப்பது இந்த ஒரே ஒரு நிகழ்ச்சிதான். அதையும் லூக்கா மட்டுமே எழுதியிருக்கிறார். அவ்வளவு நீண்ட காலத்தில் நமக்குக் காட்டப்படும் ஒரே வயது, நடுநிலைப் பள்ளி வயது.

நாசரேத்திலிருந்து எருசலேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். நடந்து போக நாட்கள் ஆகும். வழியில் திருடர் பயம் உண்டு; அதனால் சொந்தபந்தங்களோடு கூட்டமாகப் போவார்கள், கூட்டமாகத் திரும்புவார்கள். பாஸ்கா முடிந்து கிளம்பிய அந்தக் கூட்டம் ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பெற்றோர் தேட ஆரம்பிக்கிறார்கள். ஆண்கள் ஒரு கூட்டம், பெண்கள் ஒரு கூட்டமாகப் போனதால் வந்த குழப்பம் என்று பல மறையுரைகளில் கேட்டிருப்பீர்கள். லூக்கா அப்படி எழுதவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வீட்டில் இருப்பவர்களுக்கு அது புரியும். அம்மாவோடு இருப்பான் என்று அப்பா நினைக்கிற வயது அது. அப்பாவோடு போயிருப்பான் என்று அம்மா நினைக்கிற வயதும் அதுவே.

மரியாவும் யோசேப்பும் அக்கறை இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் செய்தது ஒன்றுதான்: கூட்டத்தில் இருப்பான் என்று நினைத்துக்கொண்டார்கள். நாமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற நாளில் தாத்தா பாட்டி முதல் எல்லாரும் வாசலில் நிற்கிறோம். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் வீட்டில் டி.வி. ஓடாது, விருந்தாளி வரமாட்டார்கள், பூசைக்குக் கருத்து கொடுக்க என்னிடம் வருகிறீர்கள். நடுவில் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வருடம் இருக்கிறதே, அப்போது யார் பார்த்தோம்? பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு போகிறது, வருகிறது. கூட்டத்தில்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் சிறுவர் திருப்பலியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் வாசகம் வாசித்தான். அவனிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். “பேர் மட்டும் சொல்லாதீங்க ஃபாதர்” என்றான், சொல்லமாட்டேன். கணீரென்ற குரல். ஒரு சொல் தடுக்கவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நற்செய்தி வாசிக்க நான் வாசக மேடைக்குப் போனேன். திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது முந்தின வாரத்து வாசகம்.

பூசை முடிந்ததும் சக்ரீஸ்துவில் வைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் சொன்னான்: “அக்கா மூணு தடவ வாசிச்சா எனக்கு வந்துரும் ஃபாதர்.” சனிக்கிழமை ராத்திரி அக்கா வாசிக்க வாசிக்கக் கேட்டு அத்தனை வசனத்தையும் மனதில் ஏற்றியிருக்கிறான். அவனுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். நான்கெழுத்துச் சொல்லில் நின்றுவிடுவான்.

அவன் நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. கரும்பலகையில் இருப்பதை அவன் எழுதவில்லை, கோலம் போடுகிறவர்கள் புள்ளியைப் பார்த்து இழுப்பதுபோல வரைந்திருக்கிறான். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது அரை நொடி பின்னால் அவன் உதடு அசைந்திருக்கிறது. தனியாக வாசிக்கச் சொன்னால் பாடம் ஏற்கெனவே காதில் இருக்கும். அவன் நம் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறவன். நான் இந்தப் பள்ளியின் தாளாளர். வாரத்துக்கு இரண்டு நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவனுக்கு எதிரே நின்றிருக்கிறேன். பீடச்சிறுவனாக என் பக்கத்தில் மணி அடித்திருக்கிறான். கூட்டத்தில் இருக்கிறான் என்று நானும் நடந்துகொண்டே போயிருக்கிறேன். கடவுளிடமும் அவனிடமும் அதற்காக மன்னிப்புக் கேட்டேன். இன்று உங்களிடமும் கேட்கிறேன்.

இது எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்கி நிறுத்துவதில்லை. இந்த விதியை நான் ஆதரிக்கிறேன். ஃபெயிலாக்கிய காலத்தில் பள்ளியை விட்டு முதலில் போனவர்கள் கூலி வீட்டுப் பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள். அந்தக் காலம் திரும்ப வரக் கூடாது. ஆனால் நிறுத்தி வைப்பதில்லை என்பதை நின்று பார்ப்பதில்லை என்று நாம் ஆக்கிவிட்டோம். வளரறி மதிப்பீட்டுக்கு நாற்பது, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு அறுபது என்று மதிப்பெண் பிரித்திருக்கிறார்கள். அந்த நாற்பது, பிள்ளை தானே செய்து பார்த்துக் கற்பதற்காக வந்தது. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? எரிமலையை அப்பா வரைகிறார், அம்மா கலர் அடிக்கிறார், பிள்ளை சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறது.

இதோடு கொரோனாவும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அந்தப் பையனுக்கு மூன்றாம் வகுப்பு நடக்கவே இல்லை. இந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள், இதோ வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்கள் 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். முதன்முதலாக வகுப்பறைக்குள் கால் வைத்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தார்கள். கையைப் பிடித்து ‘அ’ எழுதச் சொல்லித் தருகிற அந்த வருடம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த நம் பங்குப் பெண்களை இந்த நேரத்தில் நன்றியோடு நினைக்கிறேன். அவர்கள் நிறையச் சேர்த்துவிட்டார்கள். இன்னும் சேர்க்க வேண்டியது இருக்கிறது.

பையனைக் காணோம் என்று தெரிந்ததும் மரியாவும் யோசேப்பும் என்ன செய்தார்கள்? முதலில் சொந்தக்காரர்களிடமும் தெரிந்தவர்களிடமும் தேடினார்கள். அங்கே இல்லை என்றதும், நடந்த வழியெல்லாம் திரும்பி எருசலேமுக்கே போனார்கள். இந்தத் திரும்பிப் போவது எனக்கு மிகப் பெரிய காரியமாகத் தெரிகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்காக மூன்றாம் வகுப்புக்குத் திரும்பிப் போக மனம் வேண்டும். நம் தமிழ் டீச்சருக்கு அது இருந்தது. மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துக்கு ஏழாம் வகுப்புப் புத்தகத்தின் அட்டையைப் போட்டார்கள், மற்ற பையன்கள் பார்த்துவிடக் கூடாது என்று. சாப்பாட்டு இடைவேளையில் தினமும் இருபது நிமிடம். டீச்சர், நீங்கள் தலையைக் குனிந்துகொண்டாலும் நான் இதைச் சொல்லத்தான் செய்வேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று உங்களில் பலர் வருவதில்லை. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஆண்டு முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் வைக்கிறோம். ஆசிரியர்கள் தங்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் வர வேண்டும். இன்னொன்று: இன்று ராத்திரி உங்கள் பிள்ளையை உட்காரவைத்து, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். செய்தித்தாளோ, மளிகைச் சாமான் மடித்த காகிதமோ, எதுவானாலும் சரி. உங்களுக்கே வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை தடுமாறுகிறதா என்பது காதுக்குத் தெரியும். அடிக்காதீர்கள். திங்கட்கிழமை வந்து எங்களிடம் சொல்லுங்கள்.

மூன்று நாளுக்குப் பிறகு ஆலயத்தில் கண்டுபிடித்தார்கள். பையன் போதகர்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டும், அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தான். கடவுளின் மகன் கேள்வி கேட்கிறார்! அந்தப் போதகர்கள் “வாயை மூடு, பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேசாதே” என்று சொல்லவில்லை. வியந்துபோனார்கள். வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளைக்கு நாம் வைத்திருக்கிற பெயர்கள் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்பு வரை கையைத் தூக்கிக்கொண்டே இருந்த பிள்ளை ஏழாம் வகுப்பில் கையை மடியில் வைத்துக்கொள்கிறதே, அந்தக் கை எப்போது இறங்கியது என்று ஆசிரியர்கள் நினைத்துப் பாருங்கள். மறைக்கல்வி வகுப்பு எடுப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விளையாட்டுப் பீரியடைப் பற்றியும் சொல்ல வேண்டும். கால அட்டவணையில் இருக்கிறது, ஆனால் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. குறுவட்டப் போட்டி வரும்போது மட்டும் கபடி ஆட ஆள் தேடுகிறோம். புனித தொமினிக் சாவியோவை நினைத்துக்கொள்ளுங்கள். 1854-இல் தொன் போஸ்கோவின் தூரின் இல்லத்துக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கும் வயது பன்னிரண்டு. புனிதனாக வேண்டும் என்ற ஆசையில் விளையாட்டை விட்டு ஒதுங்கி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, நெடுநேரம் செபிக்க ஆரம்பித்தான். தொன் போஸ்கோ அவனைத் தடுத்தார். மகிழ்ச்சியாக இரு, பாடத்தையும் செபத்தையும் ஒழுங்காகச் செய், உன் தோழர்களோடு போய் விளையாடு என்று அனுப்பினார். அவன் பதினைந்து வயது நிறையும் முன்பே 1857-இல் இறந்துபோனான். 1954-இல் திருச்சபை அவனைப் புனிதன் என்றது. ஆகவே தாளாளர் என்ற முறையில் சொல்லிவிட்டேன், இந்த ஆண்டு விளையாட்டுப் பீரியடை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாரணர் இயக்கமும் ஜூனியர் ரெட் கிராஸும் பெயருக்கு இருந்தால் போதாது.

அம்மாமாரே, அன்னையின் இதயத்தைக் கொண்டாடுகிற நாளில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் சிலர் மாதத்தில் மூன்று நான்கு நாள் வருவதில்லை. காரணம் நமக்குத் தெரியும். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, தண்ணீர் வருவதில்லை என்று அந்தப் பிள்ளைகள் யாரிடம் வந்து சொல்லும்? மே மாத விடுமுறையில் இரண்டையும் சரி செய்துவிட்டோம். இன்னும் ஏதாவது குறை இருந்தால் டீச்சர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட வேண்டியது பிள்ளைகள் இல்லை.

எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம். வருமானச் சான்றிதழ் வேண்டும். கடைசி நாளில் அலையாமல் அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

நேற்று மாலை இந்த மறையுரைக்காக நற்செய்தியை வாசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் வந்தான். இப்போது எட்டாம் வகுப்பு. விரலை வைத்து மெதுவாக வாசிக்கிறான், இரண்டு மூன்று இடத்தில் நின்று நின்று. இந்தப் பகுதியை அவனே வாசித்தான். முடித்துவிட்டுக் கேட்டான்: “மூணு நாளும் அவருக்குச் சாப்பாடு யார் போட்டா ஃபாதர்?”

எனக்குச் சுருக்கென்றது. அவன் ஏன் அதைக் கேட்கிறான் என்று தெரியும். நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் காலைச் சிற்றுண்டி. போன ஜூலை முதல் சின்னப் பிள்ளைகள் காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் சாப்பிடுகிறார்கள். அவன் தம்பி அங்கே தட்டோடு உட்கார்ந்திருப்பான். அவன் அதே வளாகத்தில், அதே வாசனையில், மத்தியானச் சத்துணவு மணி வரை காத்திருப்பான். கருக்கலிலேயே வேலைக்குக் கிளம்பிப் போகிற வீடு அவனுடையது. ஆறு முதல் எட்டு வரை இப்படி எத்தனை பேர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஜூலை முதல் தேதியிலிருந்து அவர்களுக்குக் காலையில் சுண்டல் கொடுக்க வின்சென்ட் தே பவுல் சபையினர் முன்வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு அன்பியமும் ஒரு வாரத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அவனுக்கு என்ன பதில் சொல்ல? லூக்கா அதை எழுதவில்லை என்றேன். அந்தப் போதகர்களில் யாராவது ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டிருப்பார் என்று நினைக்கிறேன் என்றேன். அவன் நம்பவில்லை. “வேற எங்கயாவது எழுதியிருக்கும் ஃபாதர், நான் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு, என் மேசை மேல் இருந்த விவிலியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். இன்று காலை வேறு ஒரு பிரதியை வைத்துத்தான் நான் தயாரிக்க வேண்டியிருந்தது.