பின்னோக்கிப் படிக்கப்படும் வினை

ஒருவர் புகழடைந்த பின்னர், அவர் முன்பு பட்ட தோல்விகளையெல்லாம் அப்புகழுக்காகவே இறைவன் வகுத்த ஏற்பாடாகக் கொள்வது தமிழரிடையே பெருவழக்கு. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகறிந்த பொப் பாடகி மாதங்கி அருட்பிரகாசத்தின் வாழ்க்கை இதற்கு வெகு வசதியாக அமைந்துள்ளது. 1975இல் இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் மீண்டும் இலண்டனுக்கே அகதியாகச் சென்ற அவர், திரைப்படக் கலையைப் பயின்றும் அதில் நிலைகொள்ளாது இசைக்கு வந்தார். 2003இல் அவருடைய முதற்பாடலான 'கலாங்' 500 இசைத்தட்டுகளாக மட்டுமே வெளிவந்தது. 'அருளர்' தொகுப்பு 2005இல் கவனம் பெற்ற மறுவருடமே அமெரிக்கா விசா மறுத்தமையால், அங்கே பதிவுசெய்ய எண்ணியிருந்த அடுத்த தொகுப்பை நாடு நாடாகச் சென்று உருவாக்க நேர்ந்தது. சென்னையில் பதிவான உறுமி மேளம் 'கலா'வில் புகுந்தது அவ்வாறுதான். அத்தொகுப்பின் 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் 4ஆம் இடத்தை எட்டியது. கதவடைத்த நாடே காசு கொடுத்துக் கேட்டது வேடிக்கைதான், அது தத்துவமாகிவிடாது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுக்கும்: பல பிறவிகளில் ஈட்டிக் குவிந்தது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டுவது ஆகாமியம். உயிர் தன் வினையை நுகர்ந்து தீர்க்கும்வரை உண்மையை அதற்கு மறைத்துநிற்பது இறைவனின் திரோதான சத்தி, அதாவது மறைப்பாற்றல். ஆகவே புகழைக்கொண்டு தோல்வியின் நோக்கத்தைக் கணிப்பவர், மறைக்கப்பட்டதை அறிந்ததாகக் கூறுகிறார். தவிர, புகழ் சித்தாந்தத்தில் இழப்புக்கு ஈடாகவும் கொள்ளப்படுவதில்லை. நல்வினை பொன்விலங்கு, தீவினை இரும்புவிலங்கு, இரண்டும் தளையே.

இக்கணிப்பின் கோணல் கொழும்பின் வெள்ளவத்தையில் வைத்துப் பார்த்தால் துலங்கும். போர்க்காலத்தில் அங்குள்ள லொட்ஜுகளில் வடக்கிலிருந்து வந்தோர், பொலிஸ் பதிவுத் துண்டைக் கைவிடாது, வெளிநாட்டு விசாவுக்காக மாதக்கணக்கில் காத்துக்கிடந்தனர்; காலையில் சம்மாங்கோட்டுப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் தூதரகம் போய், வெறுங்கையோடு திரும்பியோரும் அவர்களுள் அடங்குவர். 'கலா' வெளிவந்த அதே 2007இல், ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். பெரும்பாலானோர் வவுனியாவில் இறக்கப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இவர்களுக்குக் கிடைத்த மறுப்புகள் எந்தப் புகழுக்கான ஏற்பாடு? 'அதுவும் அவரவர் வினை' என்று சொல்லிக் கடந்துவிடலாம் எனின், தன் துன்பத்தை வினைப்பயனென ஏற்பது பொறுமை, பிறர் துன்பத்தை அவ்வாறு தீர்த்துவைப்பதோ அதைச் செய்தவரைக் கணக்கிலிருந்து விடுவிப்பதாகும். சித்தாந்தம் அதற்கு இடம் தருவதில்லை. பஸ்ஸில் ஏறியவருக்கு அது பிராரத்தமெனக் கொண்டாலும், ஏற்றச் சொன்னவருக்கு அன்றைய செயல் ஆகாமியமாகவே சேர்கிறது.