கற்றவர்க்கு ஊர் எது?

பல்கலைக்கழகக் கல்வி நிரம்பிய இளைஞர், வாழ்தற்கும் தொழில் செய்தற்கும் பிறநாட்டு நகரொன்றைத் தெரிந்துகொள்வது இக்காலத்துப் பெருவழக்காயிற்று. அத்தெரிவிற்கு அளவுகோல் யாது? ஊதியமே என்பர் பலர். ஊரின் பெருமையே என்பர் சிலர். இவ்விரண்டும் போதாமை ஓர் எடுத்துக்காட்டான் விளங்கும்.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் நகருக்குக் கப்பலேறினார். அன்னையார் அப்பொழுது நோயுற்றிருந்தார். ஆயினும் மகன் போதல் வேண்டுமென்று ஊக்கியவர் அவரே. மறு ஆண்டு அவ்வம்மையார் இறைவனடி எய்தினார்; மகன் அருகில் இல்லை. 1935-இல் இலண்டன் மாநகரத்து வானியற் கழகத்தில், விண்மீன்களின் இறுதிநிலை பற்றிய சந்திரசேகரின் கொள்கையை எடிங்டன் என்னும் பேரறிஞர் அவையறிய மறுத்தார். பின்னர் 1937-இல் அவர் சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, அதன் வானாய்வு நிலையம் அமைந்திருந்த வில்லியம்ஸ் பே என்னும் சிற்றூரிற் குடியேறினார். அது பெருநகரன்று, எனினும் அவர்தம் பணிக்கு ஏற்ற இடமாயிருந்தது. 1983-இல் நோபெல் பரிசு அவரை நாடி வந்தது.

தாயை நோயில் விட்டேகுதல் அறமாமோ எனின், பரிசு பெற்றமையால் அஃது அறமாயிற்று என்றல் பொருந்தாது. பயன் பின்னர் வருவது. தெரிவு முன்னர் நிகழ்வது. ஈன்றாளின் உடன்பாடும் மேற்கொண்ட பணியின் மெய்ம்மையுமே அச்செலவினைக் குற்றத்தினின்று நீக்கின. எனினும் இழப்பு இழப்பேயாம். எப்பரிசும் அதனை ஈடுசெய்யாது.

ஆகலின், ஊர் தெரிவார் 'ஆண்டு யாது பெறுவேம்' என்று எண்ணுதற்கு முன்னர், 'ஆண்டு யாது செய்வேம்? அதன்பொருட்டு யாரைப் பிரிகின்றேம்? அவர் அதற்கு உடன்பட்டனரோ?' என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் கடனாம்.